இரண்டு மழைக்கு நடுவே ஒரு தோல் சீட்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி சுமார் 60 கி.மீ., கன்னியாகுமரி சுமார் 90. சைக்கிளில் கிளம்புகிறவர்களை முதலில் சோதிப்பது கால்கள் அல்ல, சீட்.

மெத்தென்ற நுரை சீட் கடைத்தெருவரை சுகம். தூரம் போனால் அமுங்கிச் சதையை அழுத்தும். தோல் சீட் நேரெதிர். முதலில் கல், சில நூறு கிலோமீட்டரில் உட்காருபவரின் எலும்புக்கேற்பக் குழிந்துவிடும். 1882இல் இங்கிலாந்தின் ஜான் ப்ரூக்ஸ் காப்புரிமை பெற்ற தோல் சீட்டின் சூட்சுமமும் இதுதான். வாங்கும்போது அகலத்தைப் பார்க்க வேண்டும்: உட்காரும் எலும்புகள் இரண்டும் தோலின் மீது அமர வேண்டும், இரும்புச் சட்டத்தின் மீதல்ல.

ஆனால் இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று ஆண்டுக்கு இரண்டு பருவமழை. ஊறிய தோலில் அமர்ந்தால் தொய்யும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். சீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, பின்சக்கரத்துக்கு மட்கார்டு, நிழலில் உலர்த்தும் பொறுமை - இவை இல்லாதவர்களுக்கு நுரையே போதும்.