காணாத காணியும் காட்டும் படமும்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகத்துள் நுழைகின்ற எவரும், மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் தாண்டி, வேலணை, சரவணை, ஊர்காவற்றுறை என்று விரிந்து செல்லும் வீதிகளின் இருமருங்கிலும், கூரையிழந்து, கதவுநிலைகள் பெயர்க்கப்பட்டு, விறாந்தைத் தூண்கள் மாத்திரம் பழைய கம்பீரத்தோடு நிற்க, நாற்சாரின் நடுமுற்றத்திலே ஆலங்கன்று வேரூன்றிவிட்ட வீடுகளைக் காணாமற் போக முடியாது. 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளில் யுத்தம் இத்தீவுகளை வளைத்துக்கொண்டபோது வெளியேறிய குடும்பங்களிற் பல, இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டன. காணி உறுதிகள் மாத்திரம் அங்கே இரும்புப் பெட்டிகளிற் பத்திரமாக இருக்கின்றன. விற்பவர் ஒரு கண்டத்தில், வாங்குபவர் வேறொரு கண்டத்தில், காணியோ நெடுந்தீவில். இந்த வியாபாரத்தில், தரகரை நீக்கிவிட்டுப் பார்த்தால், அந்த மண்ணிலே உண்மையாகக் கால்வைத்து நிற்பவன் படம் எடுக்கப் போனவன் ஒருவனே.

அப்படிப் போகின்றவர்களில் நானும் ஒருவன். கலியாண வீடுகளையும் கோயில் திருவிழாக்களையும் படம் பிடித்துச் சீவித்த எங்களிற் பலருக்கு, காணியும் வீடும் படம் எடுக்கும் இந்தத் தொழில் யுத்தம் முடிந்தபின் வந்து வாய்த்தது. இதிலே கௌரவமும் உண்டு, வருமானமும் உண்டு, போட்டியும் உண்டு. போட்டியைப் பற்றி எனக்கு விரோதமான அபிப்பிராயம் கிடையாது. இளைஞர் ஒருவர் என்னிலும் நல்ல கமராவோடும் என்னிலும் குறைந்த கூலியோடும் வருவாரானால் அது அவருடைய சாமர்த்தியம். அதை வாழ்த்துவதே முறை. ஆனால் எதிலே போட்டியிடுகிறோம் என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. வேகத்தில், விலையில், வேலைத்திறத்தில் போட்டியிடலாம். உள்ளதை மறைப்பதிலே போட்டி தொடங்கிவிட்டால் அந்தத் தொழிலுக்கு வேறு பெயர்தான் சொல்ல வேண்டும்.

மறைப்பதற்குப் பொய்ப்படம் செய்யவேண்டும் என்பதுகூட இல்லை என்பதே இதிலுள்ள பெரிய அபாயம். நயினாதீவை எடுத்துக்கொள்ளுங்கள். மேடு பள்ளமற்ற அந்தச் சிறு தீவிலே நாகபூசணி அம்மன் கோயிற் கோபுரம் வெகுதூரத்துக்குத் தெரியும். கோயிலுக்கு அண்மையிலுள்ள காணிக்கு மதிப்பு அதிகம். ஆனித் திருவிழாக் காலத்தில் வந்து தங்குவோருக்கென்று ஒரு விடுதி கட்டிவிடலாம் என்ற ஆசை கடல்கடந்த பிள்ளைகளுக்கு உண்டு. கோயிலிலிருந்து நடந்தே களைக்கும் தூரத்தில் உள்ள ஒரு வெறுங்காணியின் எல்லையிலிருந்து நன்றாகப் பின்வாங்கி நின்று, 200 மில்லிமீற்றர் லென்ஸைப் பூட்டிக் கோபுரத்தை நோக்கி ஒரு படம் எடுத்தால், கோபுரம் முன்னே நகர்ந்து அந்த வளவின் வேலிக்குப் பின்னாலேயே எழுந்து நிற்பதுபோலத் தோன்றும். படத்தில் ஒரு புள்ளிகூடத் திருத்தப்படவில்லை. கமரா கண்டதையே காட்டியது. ஆயினும் அது பொய்ச்சாட்சி. அதுபோலவே 16 மில்லிமீற்றர் லென்ஸ் இரண்டு பரப்புக் காணியைத் தோட்டமாக்கிக் காட்டும். பத்தடி அறையை மண்டபமாக்கிவிடும். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச்சஸ் என்றும், பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்றும் நம்மூரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கடல்கடந்த நாடுகளிற் பிறந்து, தகப்பனார் சொல்லக் கேட்ட ஊரை வாங்க விரும்புகின்ற பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அதற்குப் படமே நிலஅளவை.

தீவகத்திலே லென்ஸிலும் பெரிய பொய்யைப் பருவகாலம் சொல்லும். கார்த்திகை மார்கழியில் மாரி பெய்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் நெடுந்தீவுக்குப் போய்ப் பாருங்கள்: முருகைக்கற்களை அடுக்கிய வேலிகளுக்கிடையில் புல் பச்சைக்கம்பளமாக விரிந்திருக்கும், கட்டாக்காலிக் குதிரைகள் மேயும், குளங்கள் தளும்பும், கிணற்றில் நீர் கைக்கு எட்டும். அதே காணிக்கு ஆடி ஆவணியிலே போனால் மண் வெளுத்து, புல் கருகி, கிணற்றடியிலே உப்புப் பூத்திருக்கும். இத்தீவுகளின் சுண்ணாம்புப் பாறைக்குள்ளே மழைநீர்தான், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. மழை பொய்த்தாலோ அளவுக்கு மிஞ்சி இறைத்தாலோ அந்தப் படை தேய்ந்து கிணறு உவராகிவிடும். தீவிலே காணி வாங்குபவர் முதலிற் கேட்கவேண்டியது நன்னீர்; அதைக் குறித்துப் படம் வாய்திறக்காது. மாரிகாலத்துப் படம் அழகான படம் என்பதிலே சந்தேகமில்லை. ஆனால் அதிலே எடுத்த திகதி இல்லையானால் அது அரைப்படமே. கோடையிலும் ஒருமுறை எடுக்கவேண்டும் என்றால் குறிகட்டுவான் இறங்குதுறையில் மறுபடியும் படகேறி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிலே போகவேண்டும். காற்றுக் காலத்தில் படகு ஓடுமோ ஓடாதோ என்ற நிச்சயமும் இல்லை. அந்தப் பிரயாசைக்குக் கூலி கொடுக்க எவரும் விரும்புவதில்லை. ஆகவே பழைய படமே புதிய படமாக உலாவுகிறது.

அந்தக் கடல்வழிதான் 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி குமுதினிப் படகிலே சென்ற அப்பாவி மக்கள் வெட்டிக் கொல்லப்பட்ட வழி. அந்த நினைவைச் சுமந்துகொண்டு, இனி அந்தப் படகுத்துறைக்கு வரமாட்டேன் என்று சொல்லும் முதியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு அவருடைய வளவைக் காட்டுவதற்கு நாம் போகிறோம் என்பதை எண்ணினால், ஆகாயத்தை நீலமாக்குவதற்கும் மின்கம்பியை அழிப்பதற்கும் கை எழக்கூடாது.

தரகர்களோடு கொள்ளும் உறவைப் பற்றிப் பேசாமல் இவ்விஷயம் பூரணமாகாது. "மற்றப் பொடியன் பாதிக் காசுக்கு எடுத்துத் தாறான், அண்ணை, அதுவும் ட்ரோன் விட்டு" என்று தரகர் சொல்வது வழக்கமான பேச்சு. அதற்குக் கோபிக்க நியாயமில்லை. அடுத்தபடியாக அவர் சொல்வதுதான் விஷம்: "காணி விற்றால் நூற்றுக்கு இவ்வளவு உங்களுக்கும் தாறன், இப்ப கூலி வேண்டாம்." இதை ஏற்றுக்கொண்ட கணத்திலே படம் எடுப்பவன் சாட்சி என்ற ஸ்தானத்தை இழந்து கட்சிக்காரனாகிவிடுகிறான். காணி விலைப்பட்டாலன்றி அவனுக்கு அடுப்பெரியாது என்றால், உவர்க்கிணற்றையும் எல்லைத் தகராற்றையும் மாரியில் முழங்காலளவு நீர் நிற்கும் ஒழுங்கையையும் அவனுடைய கமரா எப்படிக் காணும்? என்னுடைய தீர்ப்பு இதிலே திடமானது: காணிப்படம் எடுப்பவன் எக்காரணத்தைக்கொண்டும் விற்பனையிற் பங்கு வாங்கலாகாது, கூலி மாத்திரமே வாங்கவேண்டும். எங்கள் தொழிலுக்குள்ளே ஒரேயொரு விதி எழுதலாம் என்றால் நான் எழுதுவது இதைத்தான். ஒருவர் எடுத்த படத்தை மற்றவர் வெட்டிப் பெயரழித்துத் தம்முடையதென்று அனுப்புவதும் நடக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்துக்கும் பதிப்புரிமை கொடுத்திருக்கிறது என்பதைச் சொல்வதோடு அதை விட்டுவிடுகிறேன்.

இன்னும் நுட்பமான சங்கடம் ஒன்று உண்டு. உரித்தாளர் கடல்கடந்திருக்க, பாழ்வீடு என்று சொல்லப்பட்ட இடத்திலே, இடம்பெயர்ந்து வந்த வேறொரு குடும்பம் தகரம் போட்டுக்கொண்டு குடியிருக்கும். கொடியிலே பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை காயும். சாமிமாடத்திலே விளக்கு எரியும். படலையிலே நின்று கூப்பிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லி, அவர்களுடைய சம்மதம் பெற்ற பின்னரே கமராவை எடுக்கவேண்டும் என்பதை நான் சாதாரண மரியாதையாகவே கருதுகிறேன். இதிலே சட்டமும் தலையிடுகிறது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச்சட்டம் உரியவருக்கு எதிராகப் பத்து வருடம் காணியை ஆண்டுவருவதை உரிமையாக்கவல்லது. யுத்தத்தால் தங்கள் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தவர்களைக் காப்பதற்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் குறித்து 2016ஆம் ஆண்டில் விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒன்று வந்தது. எனவே நாம் எடுக்கும் ஒரு படம் நாளை நீதிமன்றத்திலே ஒரு பக்கத்துக்குச் சாட்சியாகலாம். குடியிருப்பவர்களை ஒளித்துப் படம் எடுத்தால் வாங்குபவரையும் ஏமாற்றினோம். அவர்களை அறியாமல் எடுத்தால் அவர்களையும் ஏமாற்றினோம்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையும் இங்கே நினைக்கத்தக்கது. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துவைத்த அந்த வழக்காறு, காணியை அந்நியருக்கு விற்குமுன் உரியவர்களுக்கு அறிவிக்கவேண்டும் என்று கருதியது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் கூட்டுப் பங்காளிகளுக்கும், விற்பவரின் உரித்தாளிகளாகக் கூடியவர்களுக்கும் வாங்கும் முன்னுரிமையைக் கொடுக்கிறது. பங்காளி அறியுமுன்னே காணியின் படம் உலகமெங்கும் சுற்றிவருவது நமது பழைய முறைக்கு முற்றிலும் மாறானது. "பங்காளிமாருக்குச் சொல்லியாச்சோ, ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்பதனால் படம் எடுப்பவனுக்கு ஒரு நட்டமும் வராது, சில வேளை ஒரு குடும்பத்துச் சண்டை வராமலும் போகும்.

படத்தால் ஏமாற்றுவதை நம்மவர் குடியேறிய தேசங்கள் சட்டத்தாலே கட்டுப்படுத்த முயன்றிருக்கின்றன. இங்கிலாந்து 1991ஆம் ஆண்டிலே வீடு விற்பனை முகவர்களின் தவறான விவரணத்தைக் குற்றமாக்கியது; படத்தாற் சொல்லும் பொய்யும் அதில் அடங்கியது. 2013இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டுப் பொது நுகர்வோர் விதிகளின்கீழ் அவ்விஷயம் சேர்க்கப்பட்டது. கலிபோர்னியாவிலே 2026 ஜனவரி முதல், விளம்பரப் படம் கணினியால் மாற்றப்பட்டிருந்தால் அதைத் தெரிவித்து மூலப்படத்தையும் காட்டவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் கோபுரத்தைக் கிட்டக் கொணரும் லென்ஸையும் மாரிகாலப் பச்சையையும் அந்த விதி பிடிக்காது. அவற்றைப் பிடிக்கக்கூடியவன் கமராவின் பின்னே நிற்பவன் மாத்திரமே.

ஆகவே கடல்கடந்து வாழும் நம் உறவுகளிடம் ஒரு விண்ணப்பம். தீவகத்தில் ஒரு காணியை வாங்க நினைக்கிறீர்களானால், படம் எடுப்பவரை நீங்களே தெரிந்து, அவருடைய கூலியையும் படகுச் செலவையும் தரகர் கையாலன்றி நேரே கொடுங்கள். ஒவ்வொரு படத்திலும் எடுத்த திகதியைக் கேளுங்கள்; ஆவணி மாதத்துக் கிணற்றையும் மார்கழி மாதத்து ஒழுங்கையையும் கேளுங்கள்; நான்கு எல்லைகளிலும் நின்று உள்நோக்கி ஒன்றும் வெளிநோக்கி ஒன்றும் கேளுங்கள். அசிங்கமான படம் ஒன்று வந்தால் அதை அனுப்பியவரைக் கைவிடாதீர்கள். அடுத்த காணிக்கும் அவரையே கூப்பிடுங்கள்.