பசி நின்ற பிறகு

பசியைப் பற்றிய எழுத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. கஞ்சிக்கு ஏங்கியவர்களும் கூழுக்கு வரிசையில் நின்றவர்களும் நம் கதைகளில் நிறைய உண்டு. ரேஷன் அரிசி தின்று வளர்ந்தவர்கள் அநேகமாக இல்லை. பசி ஓர் அனுபவமாக நம் பிரக்ஞையில் இடம் பிடித்த மாதிரி, பசி தீர்ந்தது பிடிக்கவில்லை. அது சர்க்கார் காரியம், இலக்கியத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

ஆனால் வாஸ்தவத்தில் நம் காலத்தில் நடந்த பெரிய விஷயம் இதுதான். 1967இல் ரூபாய்க்கு ஒரு படி என்று ஆரம்பித்தது சென்னை, கோவையோடு நின்றுபோயிற்று. 1982இல் சத்துணவு வந்தது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக அதில் நுழைந்த முட்டை, பிற்பாடு வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2007 முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் வந்தன. 2011 ஜூனிலிருந்து அரிசிக்கு விலையே இல்லை. புதுவாயலில் இன்று அடுப்பு எரியாத வீடு என்று ஒன்றை என்னால் காட்ட முடியாது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவன் பசித்தவனாக இருக்க முடியாது.

இந்த ஊரில் இன்னொன்றும் நடந்தது. சென்னை–கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்கள் மனைகளாயின, கிடங்குகளாயின. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் வந்தன. நடவுக்குப் போன பெண்கள் வரும்போது மடியில் பொன்னாங்கண்ணியோ குப்பைக்கீரையோ இருக்கும். வரப்பில் கிள்ளியதற்கு யாரும் காசு கேட்டதில்லை. என் பாட்டி காலத்தில் அரிசிக்கு விலை இருந்தது, கீரைக்கு இல்லை. இப்போது அரிசிக்கு விலையில்லை, கீரைக்கு இருக்கிறது. வரப்பு போனபோது கீரையும் போயிற்று என்பதை எந்தக் கணக்கும் எழுதி வைக்கவில்லை. அரிசியில் மிச்சமான காசு கீரைக்குப் போகும் என்று நினைப்பது, வீட்டு வாடகையும் வட்டியும் தெரியாதவர்களின் நினைப்பு.

வயிறு நிறைந்தது, ரத்தம் ஊறவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 வயதிலிருந்து 49 வயது வரையிலான தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பள்ளிக்கூடத்தில் குழந்தைக்கு முட்டை உண்டு. அதன் தாய்க்கு எங்கே?

சர்க்கார் கண்ட பதில் செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்த்து, திரும்ப அரிசியாகவே வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்று கலந்தார்கள். 2023இல் அது மாநிலமெங்கும் ரேஷன் கடைகளுக்கு வந்தது. எங்கள் தெருப் பெண்கள் முறத்தில் கொட்டி, நிறம் மாறித் தெரிகிற அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்தார்கள்.

அறியாமை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்கத் தயாரில்லை. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய விரல்கள் அவை. இலவசமாக வருவதை நம்பி அப்படியே உலையில் போடக்கூடாது என்பது பல வருஷத்துப் படிப்பு. இன்னும் வீடுகளில் ரேஷன் அரிசி இட்லி மாவுக்கும் வீட்டு ஆட்களுக்கும்தான். விருந்தாளி வந்தால் கடையரிசி. வாங்கித் தின்பவர்களுக்கே மரியாதையில்லாத ஒரு பண்டத்துக்குள் சத்தை ஒளித்து வைத்து, அது என்ன என்று முகம் பார்த்துச் சொல்ல ஓர் ஆளை அனுப்பாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

பசித்த மனிதனிடம் ஒரு சோகம் இருந்தது, எழுத்தாளனுக்கு அது வசதி. வயிறு நிறைந்து, முகம் வெளுத்து, ஷிப்டு பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்ணிடம் அப்படி எதுவும் இல்லை. அவள் முறத்திலிருந்து அந்த ஒரு மணியைப் பொறுக்கும்போது, தன் உடம்புக்கு எது நல்லது என்று தானே தீர்மானிக்கிறாள். அவளுக்கு மிச்சமிருக்கிற தீர்மானம் அது ஒன்றுதான். அதுவும் அவளுக்கே எதிராக முடிகிறது. இதை எழுத நம்மிடம் இன்னும் பாஷை இல்லை.