நோயாளியையும் கேட்போம்

விடியற்காலையில் பதுளை நகரத்துக்கு வந்து சேரும் பஸ் வண்டிகளில், கிளினிக்குக்கு வருவோரை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். பசறை, மடுல்சீமை, ஹாலி-எல, தெமோதரை முதலிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து வரும் அவர்களுடைய கையில் ஒரு பை இருக்கும். பைக்குள் பொலித்தீன் உறையிற் சுற்றிய கிளினிக் கொப்பி இருக்கும். கூடவே பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோ துணைக்கு வந்திருப்பாள். மலையில் அன்றைக்கு விழவேண்டிய பேர் ஒன்றுக்கு இரண்டாக அந்த வீட்டுக்கு இல்லாமற் போயிருக்கும். அரசாங்க வைத்தியசாலையில் மருந்துக்குக் காசில்லை என்பது உண்மையே. ஆயினும் அங்கே போய்வருவதற்கு ஒரு விலை உண்டு. கிளினிக்கின் நாளையும் நேரத்தையும் குறிப்போர், அந்த விலையைக் கொடுப்போரிடம் ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

இந்தக் கேள்வி எமது மனத்தில் எழுந்தது நூல்களைப் படித்ததனால் அன்று. எமது தாயாருக்கு நேர்ந்த ஒரு விபத்தினாலேயே எழுந்தது.

2003 ஆம் ஆண்டில் தாயார் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்துவந்தார். நீரிழிவு என்று கண்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பாக விழுங்கவேண்டும் என்பது கட்டளை. தாயார் அதனை ஒரு நாளேனும் தவறவிட்டதில்லை. ஐந்தரை மணிக்கு எழுந்து, சாயத்தண்ணியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு மலையேறுவார். அவருடைய காலைச் சாப்பாடாகிய ரொட்டியும் அவரோடு மலைக்குப் போய்விடும். ஒன்பதரை மணிக்குத் தேநீர் வேளையில்தான் அதனை அவிழ்ப்பார்.

ஒரு நாள் ஒன்பது மணியளவில் உடல் வியர்த்து, கைகால் நடுங்கி, அவர் கானுக்குள் விழுந்தார். இடக்கை மணிக்கட்டு முறிந்தது. “சீனி வருத்தக்காரிக்குச் சீனி குடுக்காதீங்க” என்று மற்றவர்கள் தடுத்தும் கேளாமல், அடுத்த நிரையில் நின்ற முதியவள் ஒருத்தி தன் போத்தலில் இருந்த இனிப்புத் தேநீரைச் சிறிது சிறிதாகக் குடிப்பித்தாள். தாயாருக்கு நினைவு தப்பாமல் இருந்தபடியால் விழுங்க முடிந்தது. சற்று நேரத்தில் தெளிவும் வந்தது. அந்த வகை மாத்திரை, உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரத்தத்திலுள்ள சீனியைக் கீழே இறக்கிவிடும் என்பதை நாம் பின்னரே அறிந்தோம். முதியவள் கொடுத்த தேநீரே அந்த வேளைக்குரிய மருந்து.

வைத்தியசாலையில், “மருந்தை ஒழுங்காகப் போடுவதில்லையா?” என்ற கடிந்துரைதான் முதலிற் கிடைத்தது. தாயார் தலைகுனிந்து நின்றார். ஒழுங்காகப் போட்டதனாலேயே விழுந்தார் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை, எமக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில், சிறிது தமிழ் கற்றிருந்த சிங்களத் தாதி ஒருவர் படுக்கையருகே வந்து, “சாப்பாடு எத்தன மணிக்கு, அம்மா?” என்று கேட்டார்.

“ஒம்பதரைக்குங்க, மிஸ்ஸி. மலையிலதான்.”

தாதி உடனே வைத்தியரை அழைத்துவந்தார். மாத்திரையின் வேளை மாற்றப்பட்டது. ரொட்டியை அவிழ்ப்பதற்கு முன்னர் விழுங்குவது என்று ஆயிற்று. அதன்பின் தாயார் ஒருபோதும் அவ்வாறு விழவில்லை.

அந்த ஒரு கேள்வியை அதுவரை எவரும் கேட்கவில்லை. எவரும் என்பதில் நாமும் அடக்கம். அவ்வாண்டிலேதான் நாம் பட்டம் பெற்று வீடு திரும்பியிருந்தோம். மாத்திரைப் பையில் எழுதியிருந்த ஆங்கிலத்தைத் தாயாருக்கு வாசித்துப் பொருள் சொன்ன பெருமையும் எமக்கு இருந்தது. வாசித்துக் காட்டினோமேயன்றி, அவரை ஒரு கேள்வி கேட்டோமில்லை.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை மாணவருக்கு விளக்கும்போதெல்லாம் இந்த நினைவு எம்மை உறுத்துகின்றது. வள்ளுவர் அதன் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பது அவர் வைத்த வரிசை. நோயாளி அங்கே மருத்துவத்தின் புறத்தே நிற்பவன் அல்லன். அதன் முதற்கூறாய் இருப்பவன். அருகிருந்து பேணும் வீட்டாரும் அதன் ஒரு கூறு. அதற்கு முந்திய குறளில், நோயின் அளவோடு நோயாளியின் அளவையும் காலத்தையும் ஆராய்ந்து செய்யுமாறு மருத்துவனுக்குச் சொல்கின்றார். எமது தாயாரின் கதையிலே தவறிப்போனது இந்தக் காலம் என்பதொன்றே.

எமது தோட்டங்களின் சுகாதார வரலாற்றைப் பார்த்தால், இந்தத் தவறு ஒரு வீட்டில் மட்டும் நேர்ந்ததன்று என்பது விளங்கும். கோப்பிக் காலத்திலேயே, 1872 இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1912 இல் வந்த சட்டம் லயங்களைச் சுத்தமாக வைத்திருத்தல், நோயாளரை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்தல் முதலிய கடமைகளைத் தோட்டத்துரைமீது சுமத்தியது. இவை நன்மைகளே; மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை அரசாங்கமும் துரைமாரும் பேசி முடித்த காரியங்கள். யாருக்காகச் செய்யப்பட்டனவோ அவர்களுக்கு அந்தப் பேச்சில் இடம் இருக்கவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. 1990களிலிருந்து சில தோட்ட வைத்தியசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. நிருவாகம் பலமுறை கைமாறியும், நோயாளியைக் கேட்டுச் செய்யும் வழக்கம் வேரூன்றவில்லை.

கேட்டால் அவர்கள் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் அறிந்தவை பல. மாதாந்தக் கிளினிக் எந்தக் கிழமையில் நடந்தால் பேர் இழப்புக் குறையும் என்பதை அவர்கள் அறிவர். மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும், அதில் வருவோருக்கு எந்த இலக்கத் துண்டு கிடைக்கும் என்பதையும் அறிவர். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. அந்த வண்டி எந்தக் கணக்குவரை ஏறும், எந்த வளைவில் நோயாளியைத் தூக்கிவந்து காத்திருக்கவேண்டும் என்று சொல்ல வல்லவர் லயத்தில் வாழ்பவரே. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எனினும், மருந்து கொடுக்கும் யன்னலிலே எந்தச் சொல் விளங்காமற் போகின்றது என்பதை அந்த யன்னலில் நிற்பவரிடந்தானே அறியமுடியும்?

இது உலகம் அறியாத புதுமையும் அன்று. 1978 இல் அல்மா-ஆட்டா நகரிலே கூடிய நாடுகள், சுகாதார சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று பிரகடனம் செய்தன. 2023 ஆம் ஆண்டின் உலக நோயாளர் பாதுகாப்புத் தினத்துக்கு, நோயாளியின் குரலை உயர்த்துவதையே உலக சுகாதார நிறுவனம் முழக்கமாக எடுத்துக்கொண்டது.

எமக்கு அண்மையான எடுத்துக்காட்டு நீலகிரியிலுள்ள கூடலூரில் இருக்கின்றது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து சென்ற எம்மவர் பலர் குடியேறிய மலைப்பகுதி அது. அங்கே பணியர் முதலிய ஆதிவாசி மக்களுக்கென 1990 இல் ஒரு வைத்தியசாலை எழுந்தது. அந்த மக்களின் ஊர்களிலிருந்தே இளம் பெண்கள் வந்து பயிற்சி பெற்றுத் தாதியராயினர். மக்கள் தாமே அமைத்துக்கொண்ட சங்கம் அதன் காரியங்களிற் பங்குகொண்டது. 1992 இல் அவர்களுக்கென ஒரு வைத்தியக் காப்புறுதித் திட்டமும் உண்டாயிற்று. நோயாளிக்குப் பக்கத்தில் அவனுடைய பேச்சை அறிந்தவள் நின்றாள். வைத்தியரின் கல்வி அதனாற் குறைந்துவிடவில்லை. அக்கல்வி சென்று சேர ஒரு வழி பிறந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. வெளிநோயாளர் பிரிவிலே நீண்ட வரிசை நிற்க, ஒருவரிடம் நின்று நிதானித்துப் பேச வைத்தியருக்கு நேரம் ஏது என்பர். ஊசி போட்டால்தான் நோய் மாறும் என்று வற்புறுத்தும் நோயாளரும், நாட்டு மருந்து உண்டதை மறைக்கும் வீட்டாரும் இல்லாமலில்லை. இவை மெய்யே. என்ன மருந்து, எவ்வளவு என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். அதில் நாம் தலையிடுவதற்கில்லை. ஆனால் அந்த மருந்து ஒருவருடைய நாளிலே எங்கே பொருந்தும் என்பதை அவரையன்றி யார் அறிவார்? தாதியின் கேள்விக்கு ஒரு நிமிடமும் செல்லவில்லை. அது கேட்கப்படாமையால் ஒரு கை முறிந்தது. கட்டுப் பிரிக்கும்வரை அந்தக் கையால் கொழுந்து பறிக்க முடியவில்லை.

செய்யத்தக்கவை பெரியனவும் அல்ல. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் அபிவிருத்திக் குழுக்கள் இருக்கின்றன. கட்டில் வாங்கவும் கூரை திருத்தவும் அவை உதவுகின்றன. தோட்டங்கள் சூழ்ந்த வைத்தியசாலைகளிலே, கிளினிக்குக்கு ஒழுங்காக வரும் தோட்டப் பெண்கள் இருவருக்கு அக்குழுவில் இடம் அளிக்கலாம். பணம் கொடுப்போருக்கு உள்ள இடம், வரிசையில் நிற்போருக்கும் இருத்தல் முறையன்றோ? கூட்டத்தை அவர்கள் பேர் இழக்காத வேளையில் வைக்கலாம். அவர்கள் சொன்னவற்றுள் எது செய்யப்பட்டது, எது இயலவில்லை, ஏன் இயலவில்லை என்பதை அடுத்த கூட்டத்தில் அவர்களுக்குச் சொல்லவேண்டும். சொன்னதற்கு மறுமொழி வராவிட்டால் எவரும் இரண்டாம் முறை வாய் திறக்கமாட்டார்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டியையோ தாயையோ கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு இன்று உங்களிற் பலருக்கு வந்திருக்கின்றது. மருந்துப் பையை வாசித்துக் காட்டுவதோடு நில்லாதீர்கள். அவர் எப்போது உண்கிறார், எப்போது உறங்குகிறார், எந்த மாத்திரை தலைசுற்ற வைக்கின்றது என்று முதலில் அவரிடமே கேளுங்கள். கேட்டதை வைத்தியரிடம் அஞ்சாமல் எடுத்துச் சொல்லுங்கள். நாம் இருபது வயது கடந்த பின்னரும் அறியாதிருந்த இந்தச் சிறு கடமையை, நீங்கள் இப்பொழுதே அறிந்துகொள்வீர்களாயின், ஒரு தாயேனும் மலையில் விழாமல் தப்புவாள்.