விமானிச் சட்டையும் அதன் பிரதியும்

தபால் தலை சேர்ப்பவனை ஒருவரும் நகைப்பதில்லை. பழைய நாணயம் சேர்ப்பவனை அறிஞனென்றே மதிக்கின்றனர். தீப்பெட்டிப் படங்களைத் தொகுக்கும் சிறுவனுக்கும் வீட்டில் ஓர் அலமாரித் தட்டு கிடைத்துவிடுகிறது. யானோ போர் விமானிகளின் தோற்சட்டைகளைச் சேர்க்கின்றேன். அதுவும் செங்கற்பட்டில் இருந்துகொண்டு! சித்திரை மாதத்தில் மேல்துண்டும் பாரமாகும் இவ்வூரில் இவ்வுடை எதற்கு என்பது உறவினர் கேள்வி. நான் ‘ஜாக்கெட்’ சேர்க்கின்றேன் என்னும் செய்தி வீட்டுப் பெண்டிர் செவிக்கு முதன்முதல் எட்டியபோது நேர்ந்த குழப்பத்தை விவரிக்க வேண்டுவதில்லை. அச்சொல் நம் இல்லங்களில் வேறோர் ஆடைக்கு உரியதாயிற்றே.

உறவினருக்கு யான் சொல்லும் விடை இது. உயரே செல்லச் செல்ல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறைகிறது. இங்கே நிலத்தில் 35 டிகிரி காயும் பகலிலேயே, நம் தலைக்கு நேர்மேலே 6 கிலோமீட்டர் உயரத்தில் நீர் உறையும் குளிர் நிலவும். ஆகவே குளிர் நாடு தொலைவில் இல்லை. செங்குத்தாக நோக்கின் அஃது அண்டை ஊரே.

என்னிடமுள்ள சட்டைகள் மூன்று. மூன்றும் பிரதிகள். அஃதாவது, யுத்த காலத்துச் சட்டைகளைப் பார்த்து நம் காலத்தில் தைத்தவை.

அவற்றுள் இரண்டு ‘ஏ-2’ என்னும் வகையின. 1931-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு அங்கீகரித்த உடை அது. முன்புறம் ஒரே ஜிப்பு, காற்றிற் படபடக்காதபடி காலரைப் பிடித்து நிறுத்த அதன் அடியில் ஒளிந்திருக்கும் அழுத்துப் பொத்தான்கள், தோளிற் பட்டி, மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளி நூலாற் பின்னிய இறுக்கப் பட்டை, மூடியிட்ட இரண்டு பைகள். பைக்குள் பக்கவாட்டில் கையை நுழைத்து வெதுவெதுப்புக் கொள்ள வழியில்லை. பையிற் கையிட்டு நிற்பது படைவீரனுக்கு அழகன்றென மேலதிகாரிகள் எண்ணியதே காரணமென்பர். குதிரைத்தோலிலும் வெள்ளாட்டுத்தோலிலும் இது தைக்கப்பட்டது. 1943-ஆம் ஆண்டில் தளபதி ஆர்னல்டு புதிய தோற்சட்டைகளை நிறுத்தித் துணிச்சட்டைக்கு மாறச் செய்தார். விமானிகளோ கிடைத்த பழைய தோலை விட மனமின்றி இறுகப் பற்றிக்கொண்டனர். மூன்றாவது சட்டை, பாராசூட் வல்லுநராகிய லெஸ்லி இர்வின் வகுத்து, பிரிட்டிஷ் விமானிகள் அணிந்த செம்மறித்தோற் சட்டையின் பிரதி. உரோமம் உட்புறமாக இருக்கும். அதனை இங்கே ஐந்து நிமிடம் அணிந்திருப்பதும் ஒரு தவமே.

மூலச் சட்டைகள் எண்பது ஆண்டு முதுமை எய்திவிட்டன. பல மடிப்பிலே வெடித்து, தொட்டால் உதிர்கின்றன. எஞ்சியவை கண்ணாடிப் பெட்டிக்கோ பெருஞ்செல்வர்க்கோ உரியன. ஆதலின் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிலர் பிரதி செய்வதையே தொழிலாகக் கொண்டனர். பழைய சட்டையைத் தையல் தையலாகப் பிரித்து, ஓர் அங்குலத்திற்கு எத்தனை தையல், காலரின் கூர்மை எவ்வளவு, எந்த ஒப்பந்தக்காரர் எந்த ஆண்டில் எந்த ஜிப்பு பொருத்தினர் என்றெல்லாம் ஆராய்ந்து தைக்கின்றனர். வில்லியம் கிப்ஸன் என்னும் நாவலாசிரியர் 2003-இல் வெளியிட்ட கதையில், ஜப்பானிய ‘பஸ் ரிக்ஸன்ஸ்’ நிறுவனத்தின் கறுப்பு விமானிச் சட்டையொன்றைத் தம் கதாநாயகிக்கு அணிவித்தார். அந்நிறுவனம் அந்நிறத்தில் அதனைச் செய்ததே இல்லை. வாசகர்கள் கேட்கத் தொடங்கவே, பின்னர் மெய்யாகவே தைத்து விற்றனர். மூலமே இல்லாத பிரதி!

‘பிரதிதானே?’ என்று இகழ்வோரை யான் மாமல்லபுரத்திற்கு அழைத்துச் செல்வேன். திருக்கழுக்குன்றம் வழியே பேருந்தில் சென்று, கடற்காற்று முகத்தில் அடிக்கும்போது இறங்கி, ஐந்து இரதங்களின் முன் நிற்கவேண்டும். திரௌபதி இரதத்தின் கூரையைப் பாருங்கள். கூரை வேய்ந்த குடிலின் அச்சு. பீம இரதத்தின் நீண்ட வளைகூரையும் கூடுகளும் மரச்சட்டங்களை வளைத்துக் கட்டிய மாளிகையின் வடிவை அப்படியே காட்டுகின்றன. ஏழாம் நூற்றாண்டுத் தச்சரின் மரக்கட்டடங்கள் கறையானுக்கும் மழைக்கும் இரையாயின. அவற்றின் வடிவை இன்று நாம் அறிவது பெரிதும் இக்கற்பிரதிகளாலேதான். இவற்றைச் சிற்பநூலார் விமானம் என்றே அழைப்பர் என்பதும் எனக்கொரு மகிழ்ச்சி. அருகிலுள்ள பட்டறைகளில் உளியோசை ஓய்வதில்லை. அவ்விரதங்களையே உள்ளங்கையளவு மாக்கல்லிற் செதுக்கி விற்கின்றனர். அவையும் பிரதியின் பிரதிகள். செதுக்கியவர் எவரும் அதனைப் பல்லவர் காலத்துப் பொருளென்று கூறி விற்றதை யான் கண்டதில்லை.

சட்டை வணிகத்தில் அந்த நேர்மை எல்லாரிடத்தும் இல்லை. புதிய சட்டையின் முகப்புச்சீட்டைப் பிரித்தெறிந்து, முழங்கையை உப்புத்தாளால் தேய்த்து, தேயிலைச் சாயம் ஏற்றி, ஜிப்பைத் துருப்பிடிக்கச் செய்து, ‘பாட்டனார் யுத்தத்தில் அணிந்தது’ என விற்போர் உளர். இதனினும் என்னை வருத்துவது முதுகுச் சித்திரம். அமெரிக்க விமானிகள் தம் சட்டை முதுகில், சென்று திரும்பிய ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குண்டின் உருவம் வரைந்துகொள்வர். இருபத்தைந்து குண்டுகள் என்றால், அவன் இருபத்தைந்து முறை சாவை எதிர்நோக்கிப் புறப்பட்டான் என்பது பொருள். அதனை வர்ணக்காரரிடம் பணம் கொடுத்து வரைவித்துக் கொள்வதோ?

இதுபற்றி நண்பரொருவர்க்கும் எனக்கும் வழக்கு உண்டு. அவர் வரலாற்றாசிரியர். ‘குண்டு வேண்டாம், சென்னை மாகாணம் என்றாவது எழுதுங்கள், அதற்கு நமக்கு உரிமை உண்டு’ என்பார். அவர் கூற்றில் உண்மை உண்டு. இரண்டாம் உலகப்போரில் இம்மாகாணத்து மக்கள் யுத்த நிதிக்கு அளித்த பொருளின் அடையாளமாக, பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆம் எண் அணிகள் ‘சென்னை மாகாணம்’ என்னும் பெயரைத் தாங்கின. அவற்றுள் 79-ஆம் அணி 1942-இல் இந்தியாவிற்கே வந்து பர்மாப் போர்முனையில் பறந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழ, சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு வெளியேறிய கதையை நம் மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். ஆயினும், காசு கொடுத்தவர் வேறு, பறந்தவர் வேறு. என் சட்டைகளின் முதுகு வெறுமையாகவே இருக்கிறது.

அப்படியாயின் நமக்கு இச்சட்டையில் உரிய பங்கு யாது? தாம்பரம் செல்லும் மின்ரயிலில் இக்கேள்வியை நான் பன்முறை எண்ணியதுண்டு. தாம்பரத்து விமானதளம் அந்த யுத்த காலத்திலேயே இயங்கியது. 1954 முதல் விமானப் பயிற்சி ஆசிரியர்களைப் பழக்கும் பள்ளி அங்கே நடைபெறுகின்றது. அதற்கு அப்பால் சிறிது தொலைவில் உள்ள நிலையங்களே குரோம்பேட்டையும் பல்லாவரமும். கவலை ஏற்றத்தில் நீர் இறைக்கும் தோற்சாலுக்கு நீரில் அழுகாத தோல் வேண்டுமென ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனிடலைத் தொடங்கினார். பின்னர் 1912-இல் சேம்பர்ஸ் என்பார் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரே ஓர் ஊரின் பெயராயிற்று. அதற்கும் முன்னரே ஆவாரம்பட்டையில் ஊறிய நம் தோல்கள் கடல் கடந்தன. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துத் தோற்சாலைகள் இந்திய வெள்ளாட்டுத்தோலைப் பெருமளவில் வாங்கின.

அவ்வூரில் தோல் ஷாப்பில் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரிடம் என் ஏ-2 சட்டையொன்றைக் காட்டினேன். அவர் அதன் வடிவைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் தேய்த்தார், மடித்து வெளிச்சத்திற் பிடித்தார், பையின் உள்விளிம்பைத் திருப்பினார். ‘வெள்ளாடு, தம்பி. விளிம்புல நீலம் ஓடுது பாரு, குரோம் பதம். நல்ல கை’ என்றார். விலையைக் கேட்டு, சிறிது நேரம் பேசாதிருந்தார். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வெடித்த அவர் பாதங்கள் இன்னும் ஆறவில்லை. இளமையில் வாடையடிக்கிறதென்று வீடு மறுத்தவர்களையும், தண்ணீர்ச் செம்பைத் தொடவிடாதவர்களையும் அவர் கோபமின்றிச் சொன்னார். பிறகு காலருக்குக் கீழிருந்த முகப்புச்சீட்டை என்னை வாசிக்கச் சொன்னார். சட்டையின் வகை, வரைபட எண் 30-1415, தைத்த நிறுவனத்தின் பெயர் என்று படித்தேன்.

‘தச்சவன் பேரு போட்டிருக்கான். பதம் போட்டவன் பேரு?’

மூலச் சட்டைகளிலும் அப்பெயர் கிடையாது. நூலின் நிறத்தையும் பொத்தானின் வார்ப்பையும் விடாது பின்பற்றும் பிரதிக்காரர், அவ்வெற்றிடத்தையும் சேர்த்தே பிரதி செய்துவிட்டனர்.

அதன் பின்னர் மூன்று சட்டைகளின் உட்பையிலும் ஒவ்வொரு காகிதச் சீட்டு வைத்திருக்கின்றேன். இது பிரதி, இன்ன ஆண்டில் தைத்தது, இன்ன விலங்கின் தோல், இன்னவாறு பதனிட்டது என்று தமிழில் எழுதியிருக்கின்றேன். எனக்குப் பின் எவரும் இதனை யுத்தச் சின்னமென விற்றுவிடலாகாது. பதனிட்டவர் என்பதற்கு நேரே ஒரு கோடு மட்டும் இழுத்து விட்டிருக்கின்றேன். கடற்கரைக் காற்றில் தோலைக் காப்பது பெரும்பாடு. பிளாஸ்டிக் உறையிலிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலிற் காயவைத்தால் வறண்டு வெடிக்கும். கம்பளிப் பட்டையை அந்துப்பூச்சி அரித்துவிடும். பொத்தானிற் பச்சைக் களிம்பேறும். பருத்தித் துணியுறையில், காற்றோட்டமுள்ள நிழலில், அகன்ற தோளுள்ள மரத்தாங்கியில் தொங்கவிடுவதே தக்கது. ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறையும், தை பிறந்தபின் ஒருமுறையும் அவற்றை வெளியே எடுத்துத் துடைக்கின்றேன். சென்ற தையில் அம்முதியவரும் வந்திருந்தார். செம்மறித்தோற் சட்டையை அணிந்து பார்க்குமாறு வேண்டினேன். இரண்டு நிமிடத்திற் கழற்றிவிட்டு, விசிறி கேட்டார்.