திரைக்குப் பின்னால் இருந்த மந்திரவாதி

விளையாட்டுப் பலகை ஒன்றைப் பற்றி எழுத நம் சங்க இதழில் இடம் கேட்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். விழாச் செய்திகளும் நூல் நயங்களும் நிறைந்த பக்கங்களில், அட்டைப் பெட்டிக்குள் அடங்கும் பிள்ளை விளையாட்டுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஊரை விட்டு வந்து வாழும் நம் இல்லங்களுள் தமிழ் எந்த வாயில் வழியாக நுழைந்தது என்று எண்ணிப் பார்த்தால், சில வீடுகளில் அது வானொலி வழியாக வந்திருக்கும். சில வீடுகளில் பாட்டியோடு ரயிலேறி வந்திருக்கும். எங்கள் வீட்டில் அது இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பெட்டியின் வழியாக வந்தது.

அப்பெட்டியின் பெயர் ஹீரோ குவெஸ்ட். மில்டன் பிராட்லி நிறுவனத்தார் கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தாரோடு சேர்ந்து 1989-இல் அதை வெளியிட்டனர். கப்பலில் பொறியாளராக இருந்த எங்கள் மாமா 1991-இல் விடுமுறைக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்து தந்தார். டில்லி ராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்கக் குடியிருப்பின் இரண்டு அறைகளில் நாங்கள் வாழ்ந்த காலம் அது. நாங்கள் என்பது உடன்பிறந்தார் மூவர். இக்கட்டுரையையும் மூவரும் கலந்தே எழுதுகிறோம். கருத்து வேறுபட்ட இடங்களில் மூத்தவள் சொன்னதே நின்றது.

பரமபதம் நம் அனைவர்க்கும் தெரியும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடிய பலகையில் ஏணி எங்கே, பாம்பு எங்கே என்பது முதலிலேயே கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் கடிபடுவோம், அதுவே அதன் சுவை. இந்த நிலவறை விளையாட்டின் சுவையோ வேறு. நீளத்தில் 26, அகலத்தில் 19 கட்டங்கள் கொண்ட பலகையில் அறைகளும் தாழ்வாரங்களும் வரையப்பட்டிருக்கும். ஆனால் அவற்றுள் என்ன இருக்கிறது என்பது ஆடுவோர்க்குத் தெரியாது. ஒரு கதவைத் திறந்தால்தான் உள்ளே இருக்கும் கல்லறையோ, புத்தக அலமாரியோ, வாளோங்கி நிற்கும் அரக்கனோ பலகைமேல் எடுத்து வைக்கப்படும். வைப்பவர் ஒருவர். அவர் மார்கார் என்னும் தீய மந்திரவாதி. சிறிய அட்டைத் திரை ஒன்றை நிறுத்தி, அதன் மறைவில் நிலவறையின் படங்களடங்கிய புத்தகத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். மற்ற நால்வரும் வீரர்கள். அவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடுவதில்லை. ஒன்றாகப் பிழைக்க வேண்டும், அல்லது ஒன்றாக அழிய வேண்டும்.

இவ்வகை விளையாட்டுகளுக்கு ஒரு மரபு உண்டு. அமெரிக்காவில் 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. அதில் பலகையைவிடக் கற்பனைக்கே வேலை அதிகம். மறு ஆண்டே டேவிட் மெகரி என்பார் இயற்றிய ‘டஞ்சன்’, நிலவறையைப் பலகையில் ஏற்றியது. பின்னர் 1983-இல் இங்கிலாந்தில் ‘டாலிஸ்மன்’ வந்தது. ஸ்டீபன் பேக்கர் இயற்றிய எங்கள் பெட்டி இவ்வரிசையில் வந்ததே. விளையாட்டு வல்லோர் சிலர் இதை மிக எளியது என்று ஒதுக்குவதுண்டு. எளிமை ஒரு குறையென்று நாங்கள் கருதவில்லை.

வீரர்கள் நால்வர், நாங்களோ மூவர். மேல்மாடியிலிருந்த வங்காளிப் பையன் நான்காமவனாக வந்து சேர்ந்தான். மார்காராக அமர யாரும் கிடைக்கவில்லை. அம்மா மறுத்துவிட்டார், அடுப்பில் சாம்பார் கொதிக்கையில் அரக்கரை யார் ஏவுவது? ஆகவே அப்பாவைக் கேட்டோம்.

எங்கள் தந்தையாரை அறிந்த சங்கத்து மூத்தோர் இதை நம்புதல் அரிது. மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். வீட்டுக்கு வந்தால் நாளிதழ், பின்னர் உணவு, பின்னர் உறக்கம். வாரம் முழுவதும் அவர் எங்களோடு பேசிய சொற்களை ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். அவர் திரைக்குப் பின்னால் அமர்ந்து, புத்தகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் உரக்கப் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அது ஆங்கிலத்தில் இருந்தது. கடைக்குட்டிக்கு ஆங்கிலம் எட்டாது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, தமிழில் தொடங்கினார்.

அது நாங்கள் அதுவரை கேளாத தமிழ். வீட்டில் நாங்கள் பேசியது பாதி இந்தி கலந்த சமையலறைத் தமிழ். அப்பாவோ கும்பகோணத்துப் பக்கத்துச் சிற்றூரில், விக்கிரமாதித்தன் கதையும் அம்புலிமாமாவும் படித்து வளர்ந்தவர். கதை சொல்ல அவரிடம் இருந்தது அந்தத் தமிழ் ஒன்றே. வேற்று நாட்டு நிலவறை அதற்குள் இயல்பாகப் புகுந்துகொண்டது. காப்ளின் குட்டிச்சாத்தான் ஆயிற்று. ஒரே கண்ணுடைய ஃபிமிர் ஒற்றைக்கண்ணன் ஆயிற்று. எல்ஃப் என்பதற்கு மட்டும் இரண்டு நாள் யோசித்துக் ‘கந்தருவன்’ என்றார். பெட்டியிலுள்ள மந்திரங்கள் நிலம், நீர், தீ, காற்று என நான்கு வகைப்படும். “ஆகாயம் எங்கே போயிற்று? வெள்ளைக்காரன் ஒரு பூதத்தை விட்டுவிட்டான்” என்று அவர் சொன்னபோதுதான் அவர் சிரித்து நாங்கள் முதன்முறை பார்த்தோம்.

கோடைக்காலத்து மின்வெட்டு எங்களுக்கு வரமாயிற்று. மெழுகுவத்தி ஏற்றிப் பலகையை விரிப்போம். திரையின் நிழல் சுவரில் கோட்டை மதில்போல் எழும். போர்ப்பகடையின் ஆறு முகங்களுள் மூன்றில் மண்டையோடு, இரண்டில் வீரரின் வெள்ளைக் கேடயம், ஒன்றில் மட்டும் அரக்கரின் கருங்கேடயம். அப்பாவுக்கு அந்த ஒன்று விழுந்துகொண்டே இருக்கும். வங்காளிப் பையன் இரண்டே மாதத்தில் “கதவைத் திறக்கிறேன்” என்றும், “புதையல் தேடுகிறேன்” என்றும் திருத்தமாகச் சொல்லத் தொடங்கினான். இன்றும் அவனுக்குத் தமிழில் காய்கறி விலை கேட்கத் தெரியாது. புதையல் தேடத் தெரியும்.

ஒரு நாள் கடைக்குட்டியின் மந்திரவாதி இறந்தான். அவனுக்கு உடல் வலிமை நான்கே புள்ளி, காட்டுவீரனுக்கு எட்டு. அழுகை தொடங்கிற்று. இறந்தவனுக்குப் பதில் புதிய வீரன் வரலாம் என்று விதி உண்டு. அப்பா விதியைச் சொல்லவில்லை. “அவன் போய்விட்டான். ஆனால் ஊரில் அவனுக்கு ஒரு தம்பி இருந்தான். அண்ணன் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறான்” என்றார். ஊரில் இருந்த எங்கள் சிற்றப்பா அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் காலமாகியிருந்தார். விடுப்புக் கிடைத்து அப்பா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி அவர் வீட்டில் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அன்று அம்மா சமையலறை வாயிலில் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

புத்தகத்தில் பயணங்கள் 14. பதின்மூன்றை முடித்தோம். 1994-இல் மூத்தவளுக்குத் திருமணமாயிற்று. பெட்டி பரண்மேல் ஏறிற்று. அப்பா 2009-இல் மறைந்தார். இன்று எங்களுள் ஒருவர் டில்லியில், ஒருவர் புனேயில், ஒருவர் மஸ்கட்டில்.

அந்த விளையாட்டுக்கு மறுபிறவி கிடைத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். 2020-இல் பழைய அன்பர்களிடம் முன்பணம் திரட்டிப் புதிய பதிப்பைக் கொண்டுவந்தார்கள். புனேயில் உள்ள பிள்ளைகள் அதை வாங்கி ஆடுகிறார்கள். பொம்மைகள் முன்னிலும் அழகு, மறுக்கவில்லை. ஆனால் மார்கார் என்னும் பெயர் இல்லை. அமெரிக்கப் பதிப்பில் முன்பே இருந்த ஸார்கன் என்னும் பெயரே இப்போது வழங்குகிறது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு: தீய மந்திரவாதியாக அமர ஆள் இல்லையென்றால், கைப்பேசிச் செயலியே அவ்வேலையைச் செய்துவிடும். பிள்ளைகள் அப்படியே ஆடுகிறார்கள். அவர்கள் வீட்டில் தந்தை அலுவலிலிருந்து திரும்ப இரவு ஒன்பது மணியாகிறது. அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை.

சென்ற ஆண்டு டில்லி வீட்டை வெள்ளையடிக்கும்போது பழைய பெட்டி இறங்கிற்று. புத்தகத்துக்குள் மடித்த தாள்கள் இருந்தன. பயன்பட்டுப்போன அலுவலகச் சுற்றறிக்கைகள். பின்புறத்தில் பென்சிலால் அப்பாவின் கையெழுத்து. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னிரவில் அமர்ந்து, அடித்துத் திருத்தி எழுதிவைத்திருக்கிறார். தாள்களை எண்ணினோம். பதினான்கு இருந்தன.

கடைசித் தாளை நாங்கள் இன்னும் படிக்கவில்லை. வரும் பொங்கலுக்கு மூவரும் டில்லியில் கூடுவதாகத் திட்டம். வங்காளி நண்பரும் வர இசைந்திருக்கிறார். திரைக்குப் பின்னால் யார் அமர்வது என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. மூத்தவள் தானே அமர்வதாகச் சொல்கிறாள். அதற்குக் குரல் போதாது என்பது மற்ற இருவரின் கருத்து.