யாருடைய நோய், யாருடைய கதை

1932 பிப்ரவரியில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்ட ஸெல்டா ஃபிட்ஸ்ஜெரால்ட், சில வாரங்களிலேயே ஒரு நாவலை எழுதி முடித்தார். கணவர் ஸ்காட்டிடம் காட்டாமல் அவருடைய பதிப்பாசிரியருக்கே அனுப்பினார். ஸ்காட்டுக்குக் கடும் கோபம். 'சேவ் மீ தி வால்ட்ஸ்' என்ற அந்த நாவலில் இருந்தது அவர்களுடைய மணவாழ்க்கை. அதே வாழ்க்கையை வைத்துத்தான் அவரும் ஒரு நாவலோடு ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன இடங்களை வெட்டிய பிறகே ஸெல்டாவின் புத்தகம் வெளிவந்தது. 1,400 பிரதிகூட விற்கவில்லை.

கல்லூரியில் 'தி கிரேட் கேட்ஸ்பி' படித்தபோது எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே வரி: பாவம், அந்த மேதைக்கு வாய்த்த மனைவி பைத்தியம். நோயாளிகள் இரண்டு பேர் என்று யாரும் சொல்லவில்லை. 1930இல் சுவிட்சர்லாந்தில் ஸெல்டாவுக்கு மனச்சிதைவு என்றார்கள். ஸ்காட் குடியிலிருந்து மீள முடியாதவர். மது வேண்டாம் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னதற்கு, உணவோடு குடிக்கும் ஒயினை விட முடியாது என்று வாதாடினார். பால்டிமோர் மருத்துவரோ இருவருக்குமே சிகிச்சை தேவை என்று கருதினார். ஸ்காட் சம்மதிக்கவில்லை. அவளுடைய நோய்க்கு ஒரு கோப்பு திறந்தார்கள். அவருடையது கலைஞனின் குணம் ஆகிவிட்டது.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. எனக்கு இருமுனைக் கோளாறு. என் கணவருக்கும் ஒரு நோய்ப்பெயர் உண்டு. மூன்று இரவுகள் தூங்காமல் நான் திட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தால் ஏடிஎம் கார்டை அவர் எடுத்து வைத்துக்கொள்வார். படுக்கையை விட்டு அவர் எழாத காலைகளில் அவருடைய அலுவலகத்துக்கு நான் போன் செய்வேன், காய்ச்சல் என்று. முறை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்; காதல் என்று நான் சொல்வது இதைத்தான். ஆனால் அவருடையது வெளியே காய்ச்சலாகவே இருக்கிறது. என்னுடையது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வரைக்கும் போயிருக்கிறது. அவருடைய மாத்திரை ஆபீஸ் பையில். என் மாத்திரையைத் தினமும் எண்ணுவது மாமியார்.

இதை எழுதப்போகிறேன் என்றதும், "உன்னோடத எழுதிக்கோ, என்னோடது வேணாமே" என்றார். மூன்று நாள் பேசினோம். நோயின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

ஸெல்டாவுக்குப் பேரம் பேசவும் இடமில்லை. 1933 மே மாதம், மருத்துவர் முன்னிலையில், சுருக்கெழுத்தாளர் ஒருவர் குறித்துக்கொள்ள இருவரும் பேசினார்கள். பதிவு 114 பக்கம். தொழில்முறை எழுத்தாளன் நான், நாம் வாழ்ந்ததெல்லாம் என் கச்சாப்பொருள், நீ கதை எழுதுவதை நிறுத்து என்பதுதான் அங்கே ஸ்காட்டின் கட்சி. அடுத்த ஆண்டு 'டெண்டர் இஸ் தி நைட்' வந்தது. சுவிஸ் மருத்துவமனையிலிருந்து ஸெல்டா எழுதிய கடிதங்கள் அதில் நாயகி நிக்கோலின் கடிதங்களாக உருமாறியிருந்தன. நிக்கோலின் கணவனுக்கு ஸ்காட் கொடுத்த தொழில் என்ன தெரியுமா? மனநல மருத்துவன். படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல். ஆனாலும் நாவலின் முடிவில் குடித்துக் குடித்துச் சிதைகிறவன் அந்த மருத்துவன்தான். நோயாளி எழுந்து தன் வழியில் போய்விடுகிறாள். வாயால் ஒப்புக்கொள்ளாததை ஸ்காட்டின் பேனா ஒப்புக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அவரை முழுதாக வெறுக்க எனக்கு முடிவதில்லை. 1940 டிசம்பரில் சாகும்வரை மனைவியின் மருத்துவச் செலவுக்காக அவர் எழுதிச் சம்பாதித்தார். கடிதங்களும் நிற்கவில்லை. அதற்காகப் பறித்தது பறித்ததில்லை என்று ஆகாது.

அவர் போன பிறகு ஸெல்டா மறுபடி நாவல் எழுதத் தொடங்கினார். 1948 மார்ச்சில் ஆஷ்வில்லில் அவர் தங்கியிருந்த மனநல மருத்துவமனை தீப்பிடித்தது. ஒன்பது பெண்கள் இறந்தார்கள், அவரும் ஒருவர். அந்த நாவல் பாதியில் நிற்கிறது. அதில் எதை வெட்ட வேண்டும் என்று சொல்ல அப்போது யாரும் இருக்கவில்லை.