நாள்பட்ட உடம்பு

நம் எழுத்தாளர்களின் நோய்களைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அவர்களுடைய மரணத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். 1944இல் கால் அழுகி, 42 வயதில் கும்பகோணத்தில் போய்விட்ட கு.ப.ரா.; 1948இல் க்ஷயத்தில் முடிந்த புதுமைப்பித்தன். இவை முடிவுள்ள நோய்கள். முடிவு இருப்பதால் கதை இருக்கிறது. கதை இருப்பதால் ஒரு சோபையும் வந்து சேர்ந்துவிடுகிறது. எனக்கு வாய்த்தவற்றுக்கு இந்த வசதி கிடையாது. 16 வருஷமாகச் சர்க்கரை, 11 வருஷமாக ரத்தக் கொதிப்பு, 4 வருஷமாக வலது முழங்கால் தேய்மானம். இவற்றில் உச்சகட்டம் என்று ஒன்று வருவதில்லை. நேற்றுச் செய்ததை இன்றும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இலக்கியத்துக்கு உதவாத இந்த 'அவ்வளவுதானை'ப் பற்றிச் சொல்லிப் பார்க்கலாம் என்று உத்தேசம்.

வீடு பெரம்பலூரில், வேலை அரியலூரில். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் உட்கார்ந்து போய், உட்கார்ந்து வேலை பார்த்து, உட்கார்ந்தே திரும்புகிற ஜீவனம். அப்பா கரிசலில் வரகு விதைத்தவர். நடப்பதை ஒரு பயிற்சி என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். வரகஞ்சோறு எங்கள் வீட்டில் இல்லாமையின் அடையாளம். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். நான் சம்பளம் வாங்கத் தொடங்கி மூன்று வேளையும் நெல்லுச்சோறு பொங்கியதை அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். இன்று அந்தக் காட்டில் மக்காச்சோளம் நிற்கிறது, கோழித் தீவனத்துக்காக. வரகோ பாக்கெட்டில் ஏறி, சர்க்கரைக்காரர்களின் உணவு என்ற பட்டத்தோடு மளிகைக் கடைக்கு வந்திருக்கிறது. முதல் பாக்கெட்டைப் பிரித்தபோது அம்மா சொன்னாள்: "வேணாம்னு விட்டொழிச்சத காசு குடுத்து வாங்கியாந்திருக்க."

வரகைத் தெய்வமாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அதிலும் மாவுச்சத்துதான். தவிடு போகத் தீட்டி, குழைய வேகவைத்து, தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் அரிசி செய்வதைத்தான் அதுவும் செய்யும். பூஞ்சை பிடித்த வரகு மயக்கும் என்பது அதைத் தின்று வளர்ந்தவர்களுக்குத் தெரியும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் அப்படிப்பட்ட வரகைத் தின்று 10 யானைகள் செத்தன. ஆகவே தானியத்தின் பெருமையை விட்டு அளவுக்கு வந்துவிட்டேன். தட்டில் பாதி காய்கறி. கால் பங்கு வரகோ அரிசியோ. மீதிக் கால் பங்கு பயறு, முட்டை, மீன் இவற்றில் ஒன்று. இதில் தத்துவம் எதுவும் இல்லை. கல்யாணப் பந்தியில் 'போதும்' என்று இலைக்கு மேல் கை நீட்டும்போது பரிமாறுகிறவர் முகம் மாறுகிறதே, அதைத் தாங்கும் பயிற்சி மட்டும் தேவைப்படுகிறது.

சாப்பிட்டபின் கால்மணி நேரம் நடக்கிறேன். வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. முழங்காலுக்கு வேறு கணக்கு. தொடையின் முன்பக்கத் தசை தளர்ந்தால் பாரம் மூட்டின் மேல் விழுகிறது. எனவே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார்வது. படுத்து, காலை நீட்டி, ஒரு சாண் உயர்த்தி ஐந்து எண்ணுவது. உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2005இல் அளந்து சொன்னது. 6 கிலோ குறைத்திருக்கிறேன். கவிதை எழுதும் நண்பர் ஒருவர், "சலிப்பாக இல்லையா?" என்று கேட்டார். சலிப்புத்தான். சலிப்போடு செய்தாலும் தசை ஏற்றுக்கொள்கிறது. கவிதை ஏற்றுக்கொள்வதில்லை.

இனி கைகள். பக்கத்துக் கிராமத்தில் எண்ணெய் போட்டுப் பிடித்துவிடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகை சொல்வார்கள். பெரியவருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. கை பாதிக்கு மேல் செய்துவிடுகிறது. அரியலூரில் நான் போகும் இயன்முறை மருத்துவர் என் மகள் வயசுப் பெண். அவரும் கையால்தான் ஆரம்பிக்கிறார். முழங்கால் சில்லை மெல்ல நகர்த்தி, இளக்கி, உடனே எழுந்து நிற்கச் சொல்வார். "வலி கொறஞ்சிருக்கிற நேரத்த வீணாக்கக் கூடாது சார்." இரண்டு கைகளும் தருகிற சுகம் இரண்டு நாளைக்கு மேல் நிற்பதில்லை. தேய்ந்த குருத்தெலும்பை ஸ்பரிசம் திரும்ப வளர்ப்பதில்லை. ஆனால் அந்த இரண்டு நாளில்தான் நான் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறேன். கையின் வேலை குணமாக்குவதல்ல, வேலை செய்ய இடம் கொடுப்பது என்று தோன்றுகிறது.

போன வருஷம் அந்தப் பெண், கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் என் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. தொடும்போதெல்லாம் 'ஆமாம்' சொல்ல வேண்டும். இடது பாதம் முடிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, "வலது ஆரம்பிக்கலையாம்மா?" என்றேன்.

"முடிச்சிட்டேன் சார்."

அந்நியமாதல் என்ற சொல் நம் பத்திரிகைகளில் எவ்வளவோ புரண்டிருக்கிறது. எனக்கு இப்போது அது ஸ்தூலமான ஓர் இடம்: வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே தொடங்கி முன்பாதம் முழுக்க.

அடுத்த வாரம் பெரியவர் நொச்சி இலையை வதக்கி ஒத்தடத் துணியைக் காலருகே கொண்டுவந்து, வழக்கம்போல, "சூடு பொறுக்குதா தம்பி?" என்று கேட்டார். அவருடைய வித்தை முழுக்க அந்தக் கேள்விக்கு வருகிற பதிலை நம்பியிருக்கிறது. என் பாதத்திடம் பதில் இல்லை. சொன்னேன். துணியைத் தன் முன்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "அப்ப கணுக்காலுக்குக் கீழ வேணாம். வீட்டுல சொல்லி வையி" என்றார். ஆஸ்பத்திரியில் சொன்னதும் இதையேதான்: பாதத்தில் சூடு கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினம் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மாத்திரையை விட்டுவிடு, ஒரு மண்டலத்தில் முற்றும் குணம் என்று சொல்கிறவர்கள் இரண்டு ஊரிலும் உண்டு. அவர்களிடம் விற்பனைக்கு இருப்பது முடிவுள்ள ஒரு கதை. அதனால்தான் வாங்க ஆள் இருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்றது. அத்தனை பேரும் கதையில்லாமல் வாழ வேண்டியவர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையோடு இயன்முறை மருத்துவரையும் வீட்டுக்கு அனுப்புகிறது. எங்கள் தெருவில் பக்கவாதத்தில் கிடக்கும் ஒருவருடைய கையை மடக்கி நீட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த தடவையும் அதே கை, அதே மடக்கல். திட்டங்களைப் புகழ்வது என் பழக்கமல்ல. இந்தத் திரும்ப வருதலை மட்டும் புரிந்துகொள்கிறேன்.

ராத்திரி டார்ச் வைத்து என் பாதத்தைப் பார்ப்பவள் மனைவி. ஒரு நாள் கருவேல முள்ளை எடுத்து நீட்டினாள், எனக்குத் தெரியவேயில்லை. அவளுக்கு இப்போது கண்ணில் புரை. தையில் அறுவை வைத்திருக்கிறார்கள். சில வாரம் குனியக் கூடாதாம். எனக்கோ முழங்கால் மடங்கி உள்ளங்கால் பார்வைக்கு வருவதில்லை. மகனைக் கூப்பிட வேண்டும். பொங்கலுக்கு வந்து காலைத் தொட்டுக் கும்பிடுகிறவனிடம், கும்பிட்ட காலைத் திருப்பி நன்றாகப் பார்த்துச் சொல் என்று எப்படிக் கேட்பது? இன்னும் கேட்கவில்லை.